எல்லாமே 'ஆப்' தானா? மென்பொருள் வகைகளை அறிவோம்

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் மின்சுற்று நடத்திக்கொண்டிருந்தேன். இணையத்தில் இருந்த காணொலி ஒன்றை மடிக்கணினியில் ஓடவிட்டேன். பாதியிலேயே சிக்னல் போய்விட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "ஆப் வேலை செய்யல, நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லி மூடினேன்.

கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். அதிகம் பேசாதவன். அவன் அப்பா ஏர்வாடிக் கரையிலிருந்து மீன்பிடிக்கப் போகிறவர். "டீச்சர், கடலுக்குள்ள எங்கப்பா போன்ல சிக்னலே இருக்காது. ஆனா வள்ளம் எங்க நிக்குதுன்னு மேப்புல காட்டும். அது மட்டும் எப்படி?" என்று கேட்டான்.

அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் படித்துவிட்டு மறுநாள் விளக்கினேன். இருக்கும் இடத்தைக் கண்டறிய ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞை போதும். அதைப் பெற இணையம் தேவையில்லை. வரைபடத்தைக் கரையிலேயே பதிவிறக்கி வைத்திருப்பார்கள். என் காணொலிக்கோ இணையம் தொடர்ந்து தேவை. இரண்டையும் 'ஆப்' என்ற ஒரே சொல்லால் அழைத்ததுதான் என் குழப்பத்திற்குக் காரணம்.

கணினியையும் கைப்பேசியையும் இயக்குவது இயக்க மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை இவ்வகை. அதன்மேல் நின்று நமக்கு வேண்டிய ஒரு வேலையைச் செய்துதருவது பயன்பாட்டு மென்பொருள். இதை மூன்று கேள்விகளால் வகைப்படுத்தலாம் என்று மாணவர்களிடம் கூறினேன்.

1. என்ன வேலைக்கு? கடிதம் தட்டச்சு செய்ய, மதிப்பெண் கூட்ட லிபர்ஆபிஸ் போன்ற அலுவலக மென்பொருள். வடிவியல் வரைய ஜியோஜீப்ரா. பள்ளி விவரங்களைப் பதிய எமிஸ். பாடம் பார்க்க மணற்கேணி.

2. எங்கே இயங்குகிறது? சிலவற்றைக் கணினியில் நிறுவ வேண்டும். சில கைப்பேசிச் செயலிகள். சில உலாவியிலேயே திறப்பவை. இணையம் இல்லாமலும் இயங்குமா என்பதை இங்கேயே கேட்டுவிட வேண்டும். 2017-இல் தொடங்கப்பட்ட திக்‌ஷா செயலியில் பாடங்களை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.

3. யாருடையது? கட்டணம் கேட்பவை உண்டு, இலவசமானவை உண்டு. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. வாட்ஸ்அப் இலவசம், ஆனால் அதன் செயலியை நாம் மாற்றி அமைக்க முடியாது. லிபர்ஆபிஸ் கட்டற்ற மென்பொருள். அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். செயலி என்னென்ன அனுமதி கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும். டார்ச் விளக்குச் செயலிக்கு நம் தொடர்பு எண்கள் எதற்கு?

பிறகு ஒரு செயல்பாடு கொடுத்தேன். வீட்டுக் கைப்பேசியில் உள்ள ஐந்து செயலிகளை இம்மூன்று கேள்விகளின்கீழ் அட்டவணைப்படுத்தி வரச் சொன்னேன். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் இருப்பவர்களோடு குழுவாகச் சேர்த்தேன். வானிலை, மீன் விலை விசாரிக்கும் வாட்ஸ்அப் குழு, பணம் அனுப்பும் செயலி என்று பட்டியல் நிறைந்தது. கடைசி வரிசை மாணவன் தன் அட்டவணையைத் தானே முன்வந்து வாசித்தான். 'இணையம் வேண்டுமா?' என்ற கட்டத்தில், "கரையில மட்டும்" என்று எழுதியிருந்தான்.

அதைப் படித்ததும் என் பாடத் தயாரிப்பையும் மாற்றிக்கொண்டேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் வழங்கும் ஃபெட் மெய்நிகர் சோதனைகளில் மின்சுற்றுக்குரியதை வீட்டில் பதிவிறக்கிச் சென்றேன். அன்றும் சிக்னல் இல்லை. ஆனால் மாணவர்கள் திரையில் கம்பிகளை இணைத்துச் சாவியை மூடினார்கள், விளக்கு எரிந்தது. பிறகு உண்மையான மின்கலம், கம்பி, சிறு விளக்கைக் கொண்டு மேசையில் செய்தார்கள்.

புதிய செயலி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுசெல்லும் முன், அதை ஒருமுறை இணையத்தை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். நம் பள்ளிக்கு அது பொருந்துமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.