மார்கழிப் பனி முதல் தைப்பூசம் வரை: அணைக்கரைகளில் நடக்க இதுவே காலம்

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டியைச் சுற்றி ஆலைக் கொட்டகைகளில் கரும்புப்பால் கொதிக்கும் வாசம் விடியற்காலையில் தெருவரைக்கும் வந்துவிட்டது. பொங்கலுக்கான வெல்லம் இறங்கும் நாட்கள் இவை. நடக்க ஆசைப்படுகிறவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய நாட்களும் இவைதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கிறது, அணைகளில் தண்ணீர் நிற்கிறது, வண்டித்தடங்களில் சேறு இறுகிக் காலுக்குப் பதமாக இருக்கிறது. தெற்கே பார்த்தால் கொடைக்கானல் மலை மடிப்பு மடிப்பாகத் தெரியும். மாசி போய்ப் பங்குனி வந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும்; மலையும் தூசி மங்கலில் மறைந்துவிடும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே நடப்பது? நம்மைச் சுற்றி மூன்று அணைகள் இருக்கின்றன. பாப்பம்பட்டிக்குத் தெற்கே மலையடியில் குதிரையாறு அணை, 80 அடி. பாலசமுத்திரத்துக்கு அருகில் பாலாறு-பொருந்தலாறு அணை, 65 அடி. ஆயக்குடிப் பக்கம், கொடைக்கானல் சாலையில் ஏறும்போது கண்ணில் படும் வரதமாநதி அணை, 66 அடிக்குச் சற்று மேல். மூன்றுக்கும் தண்ணீர் தருவது ஒரே மலைதான். மேலே சோலைக்காடும் புல்வெளியும் உறிஞ்சி வைத்துக்கொண்ட மழை, மழை நின்ற பிறகும் ஓடையாகக் கசிந்து இறங்கிக்கொண்டே இருக்கும். பாலாறும் பொருந்தலாறும் வேறு ஓடைகளும் சேர்ந்துதான் சண்முகநதியாகி அமராவதியில் கலக்கின்றன. மார்கழியில் வானம் வெளுத்திருந்தும் அணைக்குத் தண்ணீர் வருவதைக் கண்டு வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். அதற்குக் காரணம் மேலே இருக்கும் அந்தப் புல்லும் சோலையும்தான்.

ஏறி இறங்கும் மலையேற்றம் எதையும் நான் சொல்லவில்லை. வயதானவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் பேசிக்கொண்டே நடக்கும் நடை இது. கரைக்கு ஏறும் முன் அணைக் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். "அண்ணா, கரைமேல கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் முகம் மலரும். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். மதகுப் பக்கமும் உபரிநீர் போகும் வழியும் யார் அனுமதித்தாலும் வேண்டாம். கரையில் விட மாட்டார்கள் என்றால் பாசனக் கால்வாய் ஓரம் இருக்கிறது. ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் தென்னை, நடுவில் ஓடும் தண்ணீரின் சத்தம். கரைமேல் நடப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

நீர் வற்றி வரும் ஓரத்தில் கால் வைப்பதைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் வண்டல் காய்ந்து, ஓட்டாஞ்சில்லு போல் வெடித்துக் கிடக்கும். பார்த்தால் கல் போலத் தெரியும். ஒரு தைமாதக் காலையில் ஆள்காட்டிப் பறவை ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று அதில் பத்தடி போனேன். பதினோராவது அடியில் மேல்தோடு உடைந்து கால் முழங்கால்வரை இறங்கியது. உள்ளே களிமண் கூழாக இருந்தது. இழுக்க இழுக்கச் செருப்பு உள்ளேயே தங்கியது, கால் மட்டும் வந்தது. பெரியவன் எனக்கு முழங்கால் ஆழம் என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இடுப்பு. புல் முளைத்த தரையைத் தாண்டித் தண்ணீரை நோக்கி ஓர் அடிகூட வைக்காதீர்கள். அணையில் குளிப்பதும் வேண்டாம்; ஆழம் எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

பாலாறு-பொருந்தலாறு பக்கம் போகிறவர்கள் பொருந்தல் ஊரையும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். இன்று அங்கே பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை, வயல்தான். ஆனால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010-இல் இங்கே அகழ்ந்தபோது ஓர் ஈமக்குழிக்குள் பானை நிறைய நெல் கிடைத்தது. அதே குழியில் தமிழ் பிராமி எழுத்து கீறிய பானைத்தாங்கி ஒன்றும் கிடைத்தது. அந்த நெல்லைச் சோதித்ததில் காலம் கி.மு. 490 என்று வந்தது. கண்ணாடி மணி செய்த உலையும் ஆயிரக்கணக்கான மணிகளும் இதே மண்ணில்தான் வெளிவந்தன. வரப்பில் நின்று கதிரைத் தொடும்போது இது நினைவுக்கு வந்தால் நடை வேறு மாதிரி ஆகிவிடும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். உழவில் மேலே வரும் ஓட்டுத் துண்டு, மணி எதையும் பொறுக்கி வர விடாதீர்கள்.

நம் ஊரிலிருந்து அரைநாள்தான் கிடைக்கும் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை ஐவர்மலை. கொழுமம் சாலையில் போய்ப் பாப்பம்பட்டிப் பக்கம் திரும்பினால் வயலுக்கு நடுவே தனியாக நிற்கும் குன்று. பாண்டவர் ஐவர் தங்கிய இடம் என்று ஊரார் சொல்வார்கள். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் கொள்ளாது. இப்போதோ காற்றும் நீங்களும் மட்டும்தான். பழைய பெயர் அயிரைமலை. இயற்கையாகவே அமைந்த நீண்ட பாறைத் தாழ்வாரமும், அதன் நெற்றியில் வரிசையாகச் செதுக்கிய பதினாறு சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் இங்கே இருக்கின்றன. காலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள்; உச்சி வெயிலில் உருவங்கள் பாறையோடு பாறையாகத் தட்டையாகிவிடும். இங்கே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று வரலாற்றுக்காரர்களுக்குப் பெரும் புதையல். சக ஆண்டு 792, வரகுண பாண்டியனுக்கு எட்டாம் ஆண்டு என்று இரண்டையும் சேர்த்தே அது சொல்கிறது. சக 792 என்றால் கி.பி. 870. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் இரண்டாம் வரகுணன் 862-இல் பட்டமேறினான் என்று நிச்சயித்தார்கள். ஒரு பாண்டியனின் காலம் முழுவதையும் நிலைநிறுத்திய எழுத்து அது. சுண்ணாம்பு தடவுவது, எண்ணெய் பூசுவது, பெயர் கீறுவது, எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்கட்டியால் தேய்ப்பது, இவை எதையும் செய்யாதீர்கள். செய்பவரைக் கண்டால் தடுத்துச் சொல்லுங்கள்.

நேரம் முக்கியம். சூரியன் எழவே ஆறரை மணி தாண்டுகிறது. அதற்கு முன் மலையடிக்குப் போகாதீர்கள். மாலை ஐந்துக்கெல்லாம் ஊர்ப்பக்கம் திரும்பிவிடுங்கள். கரும்பும் வாழையும் மக்காச்சோளமும் விளைந்து நிற்கும் காலத்தில் யானைகள் அடிவாரத் தோட்டங்களுக்கு இறங்குகின்றன. இரவெல்லாம் காவலிருந்து கண் சிவந்த விவசாயியிடம் போய் "யானை எங்கே பார்க்கலாம்?" என்று கேட்பது மனிதத்தன்மை ஆகாது. பச்சைச் சாணமோ புதிதாகச் சாய்ந்த வாழையோ தெரிந்தால் வந்த வழியே திரும்புங்கள். அணைக்கு மேலே ஓடை வழியாகப் போனால் அருவி இருக்கிறது என்று யாராவது அழைத்தாலும் வேண்டாம். அது காடு, வனத்துறை அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. தோட்டக் கம்பிவேலியைக் கையால் தொடாதீர்கள், தாண்டவும் செய்யாதீர்கள். சிலர் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சி வைக்கிறார்கள். யானையும் மனிதரும் அதில் செத்திருக்கிறார்கள்.

இந்தக் குளிரில் கண்ணாடி விரியனும் வெளியே நடமாடும். புல் மூடிய வரப்பில் தடியைத் தட்டிக்கொண்டு போங்கள், மூடிய செருப்பு போடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதிலும் நேரம் கழிக்காமல் 108-ஐ அழைத்துப் பழனி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு சங்கதி, ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. முழுக்கை சட்டை போடுங்கள். புல்லில் வெறுமனே உட்காராமல் துண்டு விரித்து உட்காருங்கள். வீடு திரும்பியதும் குளித்து, துணியை வெந்நீரில் நனையுங்கள். நடந்து வந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், அக்குள், இடுப்பு மடிப்பு, முதுகு எங்காவது சிகரெட்டால் சுட்டது போல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் புதர்க்காட்டில் நடந்தேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும். தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

பொங்கல் விடுமுறையில் வருகிறவர்கள் கையோடு பைனாகுலர் கொண்டுவாருங்கள். வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வந்த வாலாட்டிகள் கரைப் புல்லில் ஓடிக்கொண்டிருக்கும். வேலிமுள்ளில் பழுப்புக் கீச்சான் உட்கார்ந்து அதட்டும். பட்டுப்போன மரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்தும். பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்க ஆர்வலர்கள் நடத்தும் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. ஓரிடத்தில் கால்மணி நேரம் நின்று பார்த்ததை எழுதிக் கொடுத்தாலே போதும், நம் அணைகளும் அதில் இடம்பெறும்.

தைப்பூசம் நெருங்க நெருங்கச் சாலைகள் பாதயாத்திரைக்காரர்களுடையவை. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து சண்முகநதியை நோக்கி இரவும் பகலும் வருவார்கள். பூசத்தை ஒட்டிய நாட்களில் அணைக்குக் கார் எடுக்காதீர்கள். அந்த வாரம் நடக்கத்தான் வேண்டுமென்றால் பழனிக் கிரிவலப் பாதைக்கு விடிகாலையில் வாருங்கள். நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச் முதல் அங்கே வாகனங்கள் இல்லை. முட்டிவலிக்காரர்களும் பயமில்லாமல் சுற்றலாம். யாத்திரை வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக நடங்கள், முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள், கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். நெய்க்காரப்பட்டி வழியாக வந்தால் ஏதாவது ஓர் ஆலைக் கொட்டகையில் நில்லுங்கள். கொப்பரைச் சூட்டில் குளிர்காய்ந்துகொண்டு, ஒரு டம்ளர் கரும்புப்பால் குடித்துவிட்டுப் போகலாம்.