இளவயதில் முடக்குவாதமா?

முடக்குவாதம் என்னும் மூட்டுவாதம் முதியோருக்கு மட்டுமல்ல. 20, 30 வயதிலும் வரும். தோட்டத்து இளையோர் கவனத்திற்கு:

• விடியற்காலையில் விரல்கள் விறைத்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் வைத்து, மெல்ல மடக்கி நீட்டுங்கள்.

• மரம் சீவும் கத்தியின் பிடியில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றுங்கள். பிடி தடித்தால் விரலுக்கு அழுத்தம் குறையும்.

• முடக்குவாதத்துக்கு டாக்டர் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் போட்டால் ஆபத்து. காலண்டரில் கிழமையை வட்டமிடுங்கள். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

• பாசார் மாலாமில் விற்கும் ஜாமு மூலிகை மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பெட்டியில் ‘எம்ஏஎல்’ பதிவு எண் இல்லையா? வாங்காதீர்கள்.

• அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கினால், சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் மூட்டுவாத நிபுணரைப் பார்க்கலாம். வலி குறைந்துவிட்டதென்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.