பெருவிலங்கும் துப்பாக்கியின் உதையும்

தோட்டப்புறங்களில் காட்டுப்பன்றியின் தொல்லை மிகும்போது உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் வருவதும், அவர்கள் வந்துபோன பின்னர் லயத்துத் திண்ணைகளில் துப்பாக்கிகளைப் பற்றிய பேச்சு நீள்வதும் வாசகர்கள் அறிந்தவையே. அப்பேச்சில் ஒரு கருத்து தவறாமல் தலைதூக்கும். விலங்கு பெரிதாயின் துப்பாக்கியும் பெரிதாயிருத்தல் வேண்டும். குழல் எத்துணை அகலமோ அத்துணை நன்று என்பதே அது. இக்கருத்தில் பாதி உண்மை உண்டு. மறுபாதியோ ஆபத்தானது.

வேட்டையாடாத நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். குறி பிசகிய வேட்டைக்காரர் தம் வண்டியில் ஏறி ஊர் திரும்பிவிடுவார். காயமுற்ற விலங்கோ நிரைகளை அடுத்த புதரிலேயே கிடக்கும். மறுநாள் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டச் செல்பவரே அதனை முதலில் எதிர்ப்படுவார். ஆகவே ஒரு குண்டு ஏன் குறி தவறுகிறது என்பதை அறிவதில் தோட்டத் தொழிலாளருக்கும் பங்கு உண்டு.

முதலில் அளவு பற்றிய செய்தி. ரைபிள் எனப்படும் துப்பாக்கியின் குழலுக்குள் திருகுவரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்து நேராகச் செலுத்துகின்றன. அக்குழலின் துளை விட்டத்தையே காலிபர் என்பர். ஆங்கிலேயர் இதனை அங்குலத்தின் பின்னமாகக் குறித்தனர். .375 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 375 பங்கு. அதாவது ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர். .275 என்பது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். நம் தோட்டங்களில் காணப்படும் பன்னிரண்டாம் எண் துப்பாக்கியின் கணக்கு வேறு. ஓர் இராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஓர் உருண்டை நுழையும் அளவே அதன் துளை. அது சுமார் 18.5 மில்லிமீட்டர் ஆகும்.

இப்பொழுது ஒரு கணக்கைப் பார்ப்போம். பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் இதனை எளிதில் சரிபார்த்துச் சொல்வர். பன்னிரண்டாம் எண் துப்பாக்கியின் வழக்கமான தோட்டா ஒன்று 32 கிராம் ஈயச் சிறுகுண்டுகளை நொடிக்கு ஏறத்தாழ 375 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. எடையைக் கிலோகிராமில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் 2,250 ஜூல் ஆற்றல் வரும். .275 ரைபிளின் பழைய 11.2 கிராம் குண்டு நொடிக்கு 700 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதே கணக்கைச் செய்தால் 2,700 ஜூலுக்கு மேல் வரும். அகலமான குழல் குறைந்த ஆற்றலையும், ஒடுங்கிய குழல் மிகுந்த ஆற்றலையும் தருவதைக் காண்கிறோம். மேலும், சிறுகுண்டுகள் சிதறிப் போகின்றன. ரைபிள் குண்டோ ஒரே புள்ளியில் ஆழப் பாய்கிறது. திண்ணைப் பேச்சின் முதல் முடிச்சு இங்கேயே அவிழ்ந்துவிடுகிறது.

இனி உதைக்கு வருவோம். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் விதியே இதற்குக் காரணம். குண்டு மட்டுமன்று, எரிந்து வாயுவாகும் வெடிமருந்தும் குண்டினும் விரைந்து வெளியேறித் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. 1912ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் நிறுவனம் வெளியிட்ட .375 மேக்னம் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 19.4 கிராம் குண்டு. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 770 மீட்டர். ஆற்றல் 5,700 ஜூலுக்கு மேல். நாலு கிலோவுக்குச் சற்றே மிகுந்த ரைபிளில் இதனைச் சுட்டால், துப்பாக்கி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வரும். அதன் உதை ஆற்றல் 50 ஜூலைத் தாண்டும். ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, அதனைத் தோளில் வாங்குவது போன்றது இது. .275 ரைபிளின் உதை இதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. யானை வேட்டைக்கென்று செய்யப்பட்ட .470 இரட்டைக் குழல் ரைபிளோ, ஐந்து கிலோ எடை இருந்தும், 80 ஜூல் அளவுக்கு உதைக்கும். பன்னிரண்டாம் எண் துப்பாக்கியின் உதை 30 ஜூலுக்கு மேல் என்பதால், .275ஐ விட அதுவே தோளை வருத்துவது. இதனைக் கேட்டுப் பலர் வியப்பர்.

இவ்வுதை தோளுக்குச் செய்யும் தீங்கு சிறிது. மனத்துக்குச் செய்யும் தீங்கே பெரிது. விசையை அழுத்தியபின் குண்டு குழலை விட்டு நீங்க நொடியின் ஆயிரத்தில் சில பங்கே பிடிக்கிறது. தோள் வலியை உணர்வதற்கு முன்பே குண்டு போய்விடுகிறது. அங்ஙனமாயின் உதை எவ்வாறு குறியைக் கெடுக்கும்? வலிக்கப்போகிறது என்பதை உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது. விரல் விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொள்கிறது. தோள் முன்னே தள்ளுகிறது. கை விசையை இழுத்துப் பறிக்கிறது. குழல் முனை ஒரு மயிரிழை தாழ்ந்தால் போதும், நூறு மீட்டரில் குண்டு நெஞ்சை விட்டு வயிற்றில் படும். வயிற்றில் காயமுற்ற பெருவிலங்கு உடனே சாவதில்லை. அது புதரில் மறைந்து கிடந்து, நெருங்கியவரைத் தாக்கும்.

சுடுபவருக்கே இப்பழக்கம் தெரியாது என்பதுதான் இதில் தொல்லை. வெடியோசையும் அதிர்ச்சியும் அதனை மறைத்துவிடும். பயிற்சியாளர்கள் இதற்கு ஓர் எளிய சோதனை வைத்துள்ளனர். சுடுபவர் பாராதபடி துணைவர் ஒருவர் சில வேளை உண்மைத் தோட்டாவையும் சில வேளை மருந்தற்ற பயிற்சித் தோட்டாவையும் இடுவார். வெடிக்காத வேளையிலும் குழல் முனை துள்ளித் தாழ்ந்தால் குற்றம் வெளிப்பட்டுவிடும். அத்தகையவரை .22 போன்ற சிறு ரைபிளுக்கு மீண்டும் அனுப்புவதே மருந்து. சிறு குழலில் விசையை மெல்ல அழுத்தப் பழகி, படிப்படியாகப் பெரியதற்கு ஏறுதல் வேண்டும். பெரிய ரைபிளில் ஒரு நாளைக்கு நாலைந்து குண்டுகளுக்கு மேல் சுடுவது வீரமன்று. அச்சத்தைத் தானே பயிர் செய்வதாகும்.

உதையைக் குறைக்கும் வழிகளும் உள. துப்பாக்கியின் எடை கூடினால் உதை குறையும். சுமப்பதற்கு எளிது என்று இலேசான ரைபிளில் பெரிய தோட்டாவை இடுவோர் அதன் விலையைத் தோளில் கொடுக்கின்றனர். பின்கட்டை சுடுபவரின் கை நீளத்துக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். பிறர் உடலுக்கு அளந்த கட்டை கன்னத்தில் அறையும். கட்டையின் முடிவில் தடித்த ரப்பர் அணை பொருத்துவது வழக்கம். நாம் வெட்டும் பால் எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆகிறது; வேட்டைக்காரர் தோளைக் காப்பதும் அவற்றுள் ஒன்று. கட்டையைத் தோள் குழியில் இறுகப் பதித்து, உடலைச் சற்று முன்சாய்த்து நிற்றல் முறை. கட்டைக்கும் தோளுக்கும் இடையே வெளி விட்டால் தள்ளல் குத்தாக மாறும். தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்திய ரைபிளில் கண்ணை மிக நெருக்கி வைத்தால் புருவம் பிளந்து இரத்தம் கசியும். குழல் முனையில் துளையிட்ட மூடி பொருத்தி வாயுவைப் பக்கவாட்டில் திருப்புவதும் உண்டு. அது உதையைக் குறைத்து ஓசையைக் கூட்டும். பக்கத்தில் நிற்பவர் காதே அதற்குப் பலி. காதடைப்பு இன்றிச் சுடுதல் எவ்வகையிலும் தகாது.

பெருங்குழல் இன்றியே பெருவிலங்கை வீழ்த்தியவர் உண்டோ எனில், உண்டு. ஸ்காட்லாந்து நாட்டவரான டபிள்யூ. டி. எம். பெல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைத் தந்தத்துக்காகச் சுட்டார். அவற்றுள் பலவற்றை .275 ரைபிளாலேயே வீழ்த்தினார். அச்செயலை இன்று எவரும் போற்றார், நாமும் போற்றவில்லை. ஆயினும் அவர் முறையில் ஒரு பாடம் உண்டு. இறந்த யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எவ்விடத்தில் உள்ளது என்பதை எப்பக்கத்திலிருந்தும் கணிக்கக் கற்றார். நுனி விரியாத கெட்டிக் குண்டைப் பயன்படுத்தினார். குமாவோன் மலைப் பகுதியில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் சென்ற ஜிம் கார்பெட்டும் அவ்வளவுள்ள இலேசான ரைபிளை விரும்பினார். 1930ஆம் ஆண்டில் சௌகார் பெண்புலி சில அடித் தொலைவில் எதிர்ப்பட்டபோது, அவர் இடக்கையில் பறவை முட்டைகள் இருந்தன. வலக்கை ஒன்றாலேயே ரைபிளை மெல்லத் திருப்பிச் சுட்டார். கையில் இருந்தது இலேசான ரைபிள் என்பது தமக்கு நன்மையாயிற்று என்று அவரே எழுதினார்.

ஆனால் பெல்லும் கார்பெட்டும் ஆயிரத்தில் ஒருவர். சட்டம் ஏனையோரை எண்ணி இயற்றப்படுவது. அதனால்தான் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், எருமை, யானை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கு .375 என்பதே குறைந்த அளவாகக் கொள்ளப்படுகிறது. நமீபியா நாடு ஆற்றலைக் கொண்டே அளந்து, குறைந்தது 5,400 ஜூல் வேண்டும் என விதித்துள்ளது. கீழெல்லையைச் சட்டம் வகுக்கிறது. மேலெல்லையை அவரவர் தோள் வகுக்கிறது. தாம் கண் இமைக்காமல் சுடக்கூடிய அளவு அக்கீழெல்லைக்கும் குறைவானால், அவர் அவ்வேட்டைக்குப் போகாதிருப்பதே முறை.

நம் நாட்டின் நிலை வேறு. 900 கிலோ எடையையும் எட்டக்கூடிய செலாடாங் காட்டெருதைத் தேடி அந்நாளில் வெள்ளையர் பலர் பகாங் காடுகளுக்கு வந்தனர். அவர்களுள் தியோடர் ஹப்பேக் என்பவர் யானை, செலாடாங் வேட்டை பற்றி 1905ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். பின்னர் அவரே மனம் மாறி, விலங்குகளைக் காக்கப் போராடினார். 1930 முதல் 1932 வரை நடைபெற்ற மலாயா வனவிலங்கு விசாரணைக் குழுவை முன்னின்று நடத்தினார். 1938-39ஆம் ஆண்டுகளில் அமைந்த ஐந்தாம் ஜார்ஜ் தேசியப் பூங்காவே இன்றைய தாமான் நெகாரா. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி செலாடாங், யானை, புலி ஆகியவை முற்றாகக் காக்கப்பட்டவை. எந்தத் துப்பாக்கியாலும் அவற்றை வேட்டையாடல் ஆகாது. காட்டுப்பன்றியைச் சுடுவதற்கும் பெர்ஹிலித்தான் துறையின் உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பதற்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ்ப் போலீஸ் உரிமம் தனியே வேண்டும். நீர்க்குழாயை அறுத்துச் செய்யும் கள்ளத் துப்பாக்கியோ சட்டத்தின் முன் பெருங்குற்றம். அதன் பின்பகுதி வெடித்தால் உதை தோளுக்கு வராது, முகத்துக்கே வரும்.

உரிமத்துடன் வந்தவர் சுட்ட பன்றி ஓடி மறைந்துவிட்டது என்று தெரிந்தால், எந்த நிரைப் பக்கம் ஓடிற்று என்பதை அவரிடமே கேட்டறிந்து, அன்று மாலையே மண்டோரிடமும் தோட்ட அலுவலகத்திலும் சொல்லிவிட வேண்டும். இரத்தத் தடத்தைப் பின்பற்றித் தேடுவது சுட்டவர் பொறுப்பு. கத்தியும் நாயுமாய் இளைஞர்கள் புறப்படுதல் கூடாது. விலங்கு கண்டுபிடிக்கப்படும் வரையில் அந்நிரைகளில் இருட்டு வெட்டை நிறுத்தி, வெளிச்சம் வந்தபின் இருவர் இருவராக வேலைக்குச் செல்லும்படி நிர்வாகத்தைக் கேட்கலாம்.