வெள்ளிக்காசு சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

பாட்டியின் பெட்டியில் கிடந்த விக்டோரியா ராணி ரூபாயைக் கொண்டுவந்து, "ரோமர் காசா தாத்தா?" என்று கேட்கும் தெல்தோட்டைப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் நிறுங்கள். விக்டோரியா ரூபாய் 11.66 கிராம். ரோமரின் வெள்ளித் தினாரியஸ் சுமார் 3.9 கிராம்தான், அகலம் நம்முடைய பழைய வெள்ளி 25 சதம் அளவு. நகைக்கடைத் தராசிலேயே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

2. இந்தப் பாடத்தில் நமக்கு மூத்தவர் இலங்கை அரசர் ஒருவர். ரோமப் பேரரசன் குளோடியஸ் காலத்தில் (கி.பி. 41–54) அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் ஆள் காற்றில் அடிபட்டு இங்கே கரை சேர்ந்ததாக ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கரை சேர்ந்த அந்த ஆளிடமிருந்த காசுகளில் தலைகள் வெவ்வேறு, எடையோ ஒன்றே. அதைக் கண்டு ரோமரின் நேர்மையை மெச்சிய அரசர் நான்கு தூதர்களை அனுப்பினாராம்.

3. அந்த நேர்மை நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரு ரோம ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில், கி.பி. 64 அளவில் பேரரசன் நீரோ 96 அடித்தான். வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். தமிழ்நாட்டுக் கொங்குப் பகுதிப் புதையல்களில் அவனுக்கு முந்திய அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே மிகுதி.

4. அந்த இரண்டு பேரின் காசுகளையும் முதலில் பழகுங்கள். அகஸ்டஸ் காசின் பின்பக்கத்தில் இரண்டு இளைஞர் கேடயத்தில் கைவைத்து நிற்பார்கள், பின்னால் ஈட்டிகள். வாரிசாக அவன் தத்தெடுத்த பேரன்மார் கையஸும் லூசியஸும். லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் 4இலும் இறந்துபோக, ஆட்சி டைபீரியஸுக்குப் போனது. அவன் காசில் ஒரு கையில் செங்கோலும் மறு கையில் மரக்கிளையுமாகப் பெண்ணொருத்தி அமர்ந்திருப்பாள். அரசன் ஊருக்குச் சொல்ல நினைத்ததுதான் காசில் படமாகும். நடந்தது வேறாகவும் இருக்கும்.

5. புளி, சாம்பல், பொலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். முகத்தில் உளிவெட்டு இருந்தால் பழுதென்று தள்ளவும் வேண்டாம். உள்ளே செம்பா என்று அந்தக் காலத்தவர் சோதித்த தடமாக இருக்கலாம்.

6. விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். சுத்தியலால் அடித்த காசில் படம் சற்று விலகியிருக்கும், ஓரம் வெடித்திருக்கும். ஓரத்தில் வார்ப்புக் கோடும் முகத்தில் குமிழிக் குழிகளும் தெரிந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

7. "இலங்கை மண்ணில் எடுத்த ரோம வெள்ளி" என்று யாராவது நீட்டினால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். இங்கே கிடைத்தவற்றில் பெரும்பாலானவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக்காசுகளும் அவற்றைப் பார்த்து இங்கேயே செய்தவையும்தான். வெள்ளி மிக அரிது.

8. காசுக்காக மண்ணைத் தோண்டாதீர்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, மண்ணிலிருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்குரியது. தற்செயலாகக் கிடைத்தால் இடத்தையும் திகதியையும் எழுதிவைத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத காசு விலைக்குப் போகும், வரலாற்றுக்கு உதவாது.