ஸ்பாம் கடிதங்களை விரைந்து கழிப்பது எப்படி?



ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வந்தாலும், ஜி.எஸ்.டி. நோட்டீஸ், கம்பெனி விலைப்பட்டியல், பாங்கி அறிவிப்பு ஆகியவை இன்றும் ஈமெயிலில் வருகின்றன. அவற்றோடு 'ஸ்பாம்' எனும் வேண்டாத கடிதங்களும் குவிகின்றன. 1978 மே மாதம் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் விற்க ஏறக்குறைய 400 பேருக்கு அனுப்பிய விளம்பரமே இதன் தொடக்கம் என்பர். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் ஜோஹோ போன்ற ஈமெயில் நிறுவனங்களுக்கு இதைக் கழிப்பது அன்றாட வேலை. சொந்த சர்வர் வைத்துள்ள மொத்த வியாபாரிகளும் இம்முறையை அறிவது நன்று.

ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்து வரிவரியாகச் சோதித்தால் குற்றாலச் சீசன் கூட்டம்போல் சர்வரில் நெரிசல் உண்டாகும். நல்ல கடிதமும் காத்துக் கிடக்கும். காலை விலை மாலையில் கிடைத்தால் நஷ்டம் யாருக்கு?

வத்தல் மூடை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் அனுப்பியவர் யார் என்று பார்க்கிறோம். அடுத்து மூடையின் வெளித்தோற்றம். கடைசியில்தான் குத்தூசி போடுகிறோம். சர்வருக்கும் இதே வரிசைதான்.

1. அனுப்பும் கம்ப்யூட்டரின் எண் கருப்புப் பட்டியலில் இருந்தால் வாசலிலேயே திருப்பிவிடுதல். ஸ்பேம்ஹவுஸ் அமைப்பு 1998 முதல் இயங்கி இத்தகைய பட்டியல்களைத் தருகிறது.

2. அறிமுகமில்லாதவரை, "சற்றுப் பொறுத்து வா" என்று திருப்புதல். முறையான சர்வர் மீண்டும் வரும். ஸ்பாம் கூட்டத்தில் பலர் வருவதில்லை. ஆனால் முதல் கடிதம் தாமதமாகும்.

3. எஞ்சியவற்றை மட்டும் ஸ்பாம் அசாசின் போன்ற மென்பொருள் பிரித்துப் பார்த்து மதிப்பெண் இடுதல். வழக்கமான அமைப்பில் 5 எட்டினால் அது ஸ்பாம்.

பட்டியல் விசாரணைக்கு வந்த பதிலைச் சர்வரிலேயே சிறிது நேரம் சேமித்து வைக்க வேண்டும். மூடைக்கு மூடை விருதுநகருக்குப் போன் போட்டு விலை கேட்போமா? ஒரே நேரத்தில் சோதிக்கும் கடிதங்களின் எண்ணிக்கையையும் சர்வரின் நினைவகத்துக்கு ஏற்ப வரையறுக்க வேண்டும். சின்னக் கிட்டங்கியில் இருபது பேர் இறங்கினால் மூடை நகராது.

சல்லடைக் கண் மிகச் சிறிதானால் நல்ல சரக்கும் கழிவோடு போகும். ஆகவே சந்தேகக் கடிதங்களை அழிக்காமல் ஸ்பாம் பெட்டியில் வைப்பதே முறை.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை: கடை திறந்ததும் அடைக்கும் முன்னும் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். நல்ல கடிதம் அதில் கிடந்தால் 'ஸ்பாம் அல்ல' என்று குறியுங்கள். கடையின் பெயரில் சொந்த ஈமெயில் முகவரி இருந்தால் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றையும் அமைக்கச் சொல்லுங்கள். கடிதம் உங்களுடையதே என்பதற்கு அவையே அத்தாட்சி. கூகுள் நிறுவனம் 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றையும் கட்டாயமாக்கியுள்ளது.

எந்தச் சல்லடையும் முழுக் காவல் அல்ல. "பாங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று கடிதம் வந்தால், உங்களிடம் முன்பே உள்ள எண்ணில் பேசி உறுதி செய்த பின்னரே பணம் அனுப்புங்கள் என அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.