குரங்கணிப் பாதையில் நீண்ட ஓட்டமும் நடையும்: புறப்படுமுன் தம்பதியர் பேசிக்கொள்ள வேண்டியவை



போடிநாயக்கனூரிலிருந்து பஸ் ஏறிக் குரங்கணியில் இறங்கினால், அதற்கு மேல் பெரும்பாலும் நம் கால்தான் வண்டி. சரளைக்கல் பாதையும் ஒற்றையடிப் பாதையுமாக, சென்ட்ரல் ஸ்டேஷன் வழியே டாப் ஸ்டேஷன் வரை ஏறலாம். டாப் ஸ்டேஷன் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 1,700 மீட்டர். வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறுத் தேயிலை ரயிலில் அங்கே வந்து, கம்பிவடத்தில் தொங்கியபடி கோட்டகுடிக்கு இறங்குமாம். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது.

ஏலத்தோட்ட வேலைக்கு ஏறுகிறவர்களும் உண்டு. உடம்பு நல்லா இருக்கணும்னு விடியற்காலையில் ஓடிப் பழகுகிறவர்களும் உண்டு. தம்பதியாக ஒரு நாள் முழுக்கப் போய்வர நினைத்தால், முதல் நாள் இரவே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கு நேரம். சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கலாம். ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னும் ஒரு மணி நேரம் சேர்க்க வேண்டும். 10 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் இருந்தால் 3 மணி நேரம். இது சுமையில்லாத, திடகாத்திரமான ஆளுக்கு. ஓய்வு நேரம் தனி. ஏற்றத்தில் ஓட வேண்டாம், நடங்கள். சமதரையில் ஓடலாம். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு வரவில்லை என்றால் வேகம் அதிகம்.

இருவரில் மெதுவாகப் போகிறவர் யாரோ, அவர் வேகம்தான் இருவரின் வேகம். அவரை முன்னால் விடுங்கள். பல வீடுகளில் கணவர் முன்னால் போய்விட்டு, "இவ எப்பவும் இப்படித்தான், நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குவா" என்பார். அது சோம்பல் அல்ல, ரத்தச்சோகையாக இருக்கலாம். பெண்களுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக்கூடாது. கர்ப்பிணிக்கு 11 கிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும். கிராம சுகாதார செவிலியர் இரும்புச்சத்து மாத்திரை தருவார். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. தேயிலை நாட்டில் இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்! ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கர்ப்பமாக இருந்தால் செவிலியரைக் கேட்காமல் இந்த ஏற்றம் வேண்டாம்.

இரண்டாவது கணக்கு, திரும்பும் நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பினால், எங்கே இருந்தாலும் 11 மணிக்குத் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். மலையில் நின்று முடிவு செய்தால் ஆசை ஜெயித்துவிடும்.

மனைவி: "இன்னும் கொஞ்ச தூரந்தானங்க, உச்சியப் பாத்துட்டே வந்துருவோம்."

கணவர்: "மணி பதினொண்ணு ஆச்சு. வீட்லயே பேசினோம்ல, வா திரும்பிருவோம்."

பள்ளத்தாக்கில் சீக்கிரம் இருட்டும், காட்டுமாடு நடமாட்டமும் உண்டு. இறக்கம் சுலபம் என்று நினைக்காதீர்கள். சரளைக்கல் சறுக்கும், முட்டியில் பாரம் இறங்கும். சின்னச் சின்ன எட்டாக வையுங்கள். ரப்பர் செருப்பு உதவாது.

தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் வேண்டியிருக்கும். வியர்வை அதிகமானால் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள்: 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வெயிலில் பேச்சு குழறி, உடம்பு நெருப்பாய்க் கொதித்தால் நிழலில் படுக்கவைத்து, துணியை நனைத்துப் போட்டு விசிறுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

கோடையில் மாத்திரம் இந்தத் திட்டமே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். புகை கண்டால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, பாறை, ஓடை அல்லது ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்துக்குப் போங்கள். நைலான் சேலை உருகித் தோலில் ஒட்டும், பருத்தியே நல்லது. தீக்காயத்தின் மேல் சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். மையோ பற்பசையோ தடவாதீர்கள். எந்த மாதமானாலும் வனத்துறை அனுமதி வாங்கி, அவர்கள் திறந்துவிட்ட பாதையில் மட்டும் போங்கள்.

பிள்ளைகளை மதினி வீட்டில் விடும்போது எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மலையில் எல்லா இடத்திலும் செல்போன் எடுக்காது. சொன்ன நேரம் தாண்டி இரண்டு மணி நேரம் ஆகியும் நீங்கள் வரவில்லை என்றால், மதினி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வனத்துறை ஆட்களிடமோ போலீஸ் ஸ்டேஷனிலோ சொல்ல வேண்டும். இதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.