மெத்தென்ற பிடிக்கு எந்த மோல்டிங்?

டூத்பிரஷ் கைப்பிடியில் கெட்டி பிளாஸ்டிக்கின் மேல் மெத்தென்று ஒரு பட்டை இருக்குமே, அப்படியொரு பொருளைச் செய்யக் கொடுக்கிறவர் முதலில் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். லட்சக்கணக்கில் என்றால் டூ-ஷாட்: இரண்டு இன்ஜெக்‌ஷன் யூனிட் உள்ள மெஷினில், பெரும்பாலும் மோல்டு சுழன்று, இரண்டு பொருளும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். மோல்டு விலைதான் மலைக்க வைக்கும். சில ஆயிரம் போதுமென்றால் ஓவர்மோல்டிங். முதல் பாகத்தை இன்னொரு மோல்டில் கையால் வைத்தால் சாதாரண மெஷினே போதும். பித்தளை நட்டோ ஸ்க்ரூடிரைவர் கம்பியோ பதிய வேண்டுமானால் இன்சர்ட் மோல்டிங்.

பலரும் கோட்டை விடுவது ஒட்டுதலில். மெத்தென்ற பட்டைக்கு ரப்பர் போல இளகும் டிபிஇ பிளாஸ்டிக்கைப் போடுவார்கள். அதில் எஸ்இபிஎஸ் வகை பாலிப்ரொப்பிலீனை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதே கிரேடை நைலான் மேல் போட்டால் உரிந்து வரும். நைலானுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் தனித்தனி கிரேடு உண்டு, கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அடிப்பாகத்தில் துளை விட்டு, டிபிஇ மறுபக்கம் போய்க் கவ்வும்படி வடிவமைக்கலாம். பட்டையின் ஓரம் மெலிந்து முடியாமல் ஒரு பள்ளத்துக்குள் முடியட்டும். முதல் பாகத்தை மோல்டிலிருந்து எடுக்கையில் சிலிகான் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், ஒட்டுதலைக் கெடுத்துவிடும். சாம்பிள் வந்ததும் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். சப்ளையர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.